மாதுளையில் பூ நிற்கவில்லையா, காய் வெடிக்கிறதா? கொங்குப் பக்கத்து வீட்டு மரத்துக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

வீட்டு மாதுளையில் ஏதாவது கோளாறு என்றதும் பலர் நேராக உரக்கடைக்குப் போகிறார்கள், அங்கே ஒரு பூச்சி மருந்து, ஒரு பூஞ்சாண மருந்து, ஒரு டானிக் என்று சேர்த்து வாங்கிவந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கி அடிக்கிறார்கள், அடுத்த மாதம் கோளாறு அப்படியே இருக்கிறது. கடைக்குக் கிளம்பும் முன்னால் இரண்டே இரண்டு விஷயம் பாருங்கள். இப்போது என்ன மாதம்? போன இரண்டு வாரத்தில் மரத்துக்குத் தண்ணீர் எப்படிப் போனது? நம் பக்கத்தில் மாதுளைக்கு வரும் தொல்லையில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்த இரண்டுக்குள்ளேயே கிடைத்துவிடும்.

ஏன் மாதம் என்கிறேன் என்றால், மாதுளை ஈரான் பக்கத்து வறண்ட மண்ணில் பிறந்த மரம். நம் கோவை, திருப்பூர், ஈரோடு, தாராபுரம் வட்டாரம் மழை மறைவுப் பூமி, அதனால் அதற்கு இங்கே நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. ஆனால் குளிர் நாட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற மரம் இங்கே எந்த மாதமும் பூக்கும். பூவிலிருந்து பழம் பறிக்க ரகத்தைப் பொறுத்து 150 முதல் 180 நாள் ஆகும். அப்படியென்றால் இன்றைக்குப் பூத்த பூவோடு ஐந்தாறு மாதம் கூட்டிப் பாருங்கள், அந்தப் பழம் ஐப்பசி மழையில் முற்றுமா, சித்திரை வெயிலில் முற்றுமா என்று இப்போதே தெரிந்துவிடும். காய் வெடிப்பதும், கறுப்புப் புள்ளி விழுவதும், உள்ளே முத்து வெளுத்துக் கிடப்பதும் பெரும்பாலும் அப்போதே முடிவாகிவிடுகிற விஷயம். சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பூக்கவே இல்லை

முதலில் வெயில். காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற மூன்றடிச் சந்தில் வைத்த மரம் பச்சைப் பசேலென்று மாடி வரைக்கும் போகும், பூ மட்டும் வராது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் மேலே விழ வேண்டும். அது இல்லாத இடத்தில் எந்த உரம் போட்டும் பயனில்லை. சின்ன மரமாக இருந்தால் மார்கழியில் வேர்மண்ணோடு தோண்டி இடம் மாற்றலாம், பெரிதாகிவிட்டால் பக்கத்து மரத்தின் நிழல் கிளைகளை வெட்டிப் பாருங்கள்.

அடுத்தது கன்று எப்படி வந்தது என்பது. விண்பதியம் போட்ட (மரத்திலிருக்கும் கிளையிலேயே வேர் விடவைத்து வெட்டியெடுத்த) கன்றோ குச்சியில் வேர் விட்ட கன்றோ இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். பழத்தின் விதையைப் போட்டு முளைத்தது இன்னும் தாமதிக்கும், தாய் மரத்தின் பழம் மாதிரியே வரும் என்றும் சொல்ல முடியாது.

வெயிலும் இருக்கிறது, வயதும் இருக்கிறது, ஆனாலும் பூ இல்லை என்றால் மரம் மிகச் சொகுசாக இருக்கிறது என்று பொருள். சாணி எரு, மீன் அமிலம், பஞ்சகவ்யம், நடுவில் ஒரு பிடி யூரியா என்று வாரத்துக்கு ஒன்று கொடுத்தால் அது இலையைத்தான் தள்ளும். பஞ்சகவ்யத்தைப் பரப்பியவர் நம் கொடுமுடி மருத்துவர் நடராஜன், எனக்கும் அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் கொழுத்து நிற்கிற மரத்துக்கு அது வேண்டாம், மெலிந்த மரத்துக்குக் கொடுங்கள். கொழுத்த மரத்துக்கு வேண்டியது பட்டினி. கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு மார்கழியில் தண்ணீரை நிறுத்துங்கள். செம்மண்ணில் மூன்று வாரம், கரிசலில் ஐந்து வாரம் வரை போகலாம். இலை பழுத்துப் பாதி உதிரும், பயப்பட வேண்டாம். அப்போது உலர்ந்த குச்சி, உள்பக்கம் நெருக்கும் கிளை, அடியில் கிளம்பும் போத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மூன்று நான்கு தண்டு மட்டும் வைத்து, இரண்டு கூடை மக்கிய எருவும் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் போட்டுக் கொத்திவிட்டு, முதல் தண்ணீரை லேசாகக் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டுங்கள். தை மாசியில் பூ வரும்.

கவாத்து செய்கிறேன் என்று எல்லாக் கிளை நுனியையும் ஒரே அளவாகக் கத்தரித்து விடுகிறவர்கள் உண்டு. மாதுளை முற்றிய கிளையில் இருக்கும் குட்டைக் குட்டையான சிம்புகளில்தான் நிறையப் பூக்கும். அந்தச் சிம்பையே வெட்டினால் அந்த வருஷப் பூவையே வெட்டிவிட்டதாக அர்த்தம்.

பூக்கிறது, ஆனால் எல்லாம் கொட்டிவிடுகிறது

கொட்டின பூவில் பத்தைப் பொறுக்கித் திண்ணையில் வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மாதுளையில் இரண்டு விதமான பூ உண்டு. ஒன்று அடிப்பக்கம் குடம் மாதிரிப் பருத்திருக்கும், உள்ளே சூல் தண்டு உயரமாகத் தெரியும், காயாவது இதுதான். இன்னொன்று காம்பு பக்கம் ஒடுங்கி மணி போல இருக்கும். அது ஆண் பூ, அதன் வேலை மகரந்தம் கொடுப்பது, கொடுத்துவிட்டு விழுந்துவிடும். கொட்டினதெல்லாம் மணிப் பூ என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை, பாதிக்கு மேல் கொட்டுவது இயற்கை. ஆனால் மரத்தில் இருப்பதே எல்லாம் மணிப் பூவாக இருந்தால் மரம் வாடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் உச்சத்தில், தண்ணீர் பத்தாத நேரத்தில், போன தடவை அளவுக்கு மீறிக் காய்த்த மரத்தில் ஆண் பூ கூடும். தையில் முதல் அலையாக வரும் பூவில் குடப் பூ அதிகமாக இருக்கும் என்பதால் அந்த அலையைக் காப்பாற்றுவதுதான் முக்கியம்.

குடப் பூவே கொட்டுகிறதா? அப்போது மாதத்தைக் கேளுங்கள். ஆனி ஆடி என்றால் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று காற்றாலை நட்டிருக்கும் ஊரிலெல்லாம் என்ன வேகம் வீசும் என்று சொல்லத் தேவையில்லை. பூ உதிர்வது மட்டும் இல்லை, இலை வழியாக ஈரமும் போய்விடும், தேனீயும் வராது. மேற்குப் பக்கம் ஒரு அகத்தி வரிசையோ பச்சை வலையோ கட்டினால் நிறைய வித்தியாசம் தெரியும். மாசி பங்குனி என்றால் தண்ணீரைப் பாருங்கள். மொட்டு வந்த நேரத்தில் காயப்போட்டுவிட்டு, திடீரென்று ஞாபகம் வந்து ஓஸ் பைப்பை மரத்தடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டால், அந்த வெள்ளத்திலும் பூ கொட்டும். ஐப்பசி என்றால் மழையே காரணம், மகரந்தம் நனைந்து போகும், அதற்குச் செய்ய ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள்.

மாடியிலோ நகரத்து நடுவிலோ வைத்திருப்பவர்களுக்குத் தேனீ வராத பிரச்சினையும் உண்டு. காலை பத்து மணிக்குள் ஒரு மெல்லிய பிரஷ்ஷை மணிப் பூவில் தடவி, மஞ்சள் பொடி ஒட்டியதும் குடப் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். குழந்தைகளை வைத்துச் செய்யலாம். பூ விரிந்திருக்கும் நாளில் எந்தப் பூச்சி மருந்தும் வேண்டாம், வேப்பெண்ணெயாக இருந்தாலும் சாயங்காலம் தேனீ அடங்கிய பிறகுதான்.

காய் வெடிக்கிறது

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. காய் நன்றாகத்தான் பருத்து வந்தது, ஒரு நாள் காலையில் பார்த்தால் பிளந்து முத்தெல்லாம் வெளியே தெரிகிறது, எறும்பு மொய்க்கிறது. இது நோய் இல்லை. தோல் வறட்சியில் விறைத்துப் போயிருக்கும் நேரத்தில் வேர் திடீரென்று நிறையத் தண்ணீர் இழுத்தால் உள்ளே முத்து வேகமாகப் பருக்கிறது, தோலால் அதற்கு ஈடுகொடுத்து விரிய முடியாமல் கிழிகிறது.

அதனால் இரண்டு பக்கமிருந்து வேலை செய்ய வேண்டும். ஒன்று, தண்ணீரை ஒரே சீராக வைப்பது. காய் எலுமிச்சை அளவு வந்ததிலிருந்து பறிக்கும் வரைக்கும் மண் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது. ஐந்து வயதைத் தாண்டிய மரத்துக்குக் கோடையில் நாளுக்கு 30, 40 லிட்டர் வரை தேவைப்படும். டிரிப் போட்டால் நல்லது, இல்லாவிட்டால் குடத்தில் ஊற்றினாலும் சரி, தினமும் ஒரே அளவு என்பதுதான் கணக்கு. வாரத்துக்கு ஒரு நாள் நல்ல தண்ணீர் வரும் ஊரில் அந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் ஊற்றிவிட்டு ஆறு நாள் விடுவது வெடிப்புக்கு நேரடி அழைப்பு. தொட்டியில் பிடித்து வைத்துப் பங்கிட்டு ஊற்றுங்கள். தண்டை ஒட்டி ஊற்றாமல் கிளை நிழல் விழும் வட்டத்தின் ஓரத்தில் பாத்தி கட்டி அதில் விடுங்கள், உறிஞ்சும் வேர் அங்கேதான் இருக்கிறது. மூடாக்கு கட்டாயம். கரும்புச் சோகை, தென்னை மட்டை, காய்ந்த இலை எது கிடைத்தாலும் நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்க்கழிவு சும்மாவே கிடைக்கும். அதைப் புதிதாக அப்படியே கொட்டாதீர்கள், உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை அலசிவிட்டோ மக்க வைத்தோ போடுங்கள். எதைப் போட்டாலும் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும்.

இரண்டாவது போரான் சத்து. அது குறைந்தால் தோலுக்கு இழுவை இருக்காது. நம் ஊரில் சுக்கான்கல் கலந்த சுண்ணாம்பு மண்ணில் போரான் இருந்தாலும் வேருக்குச் சரியாகக் கிடைக்காது. போராக்ஸ் பொடி லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, பூ காயாக மாறிய பிறகு ஒரு தடவை, ஒரு மாதம் விட்டு இன்னொரு தடவை இலையிலும் காயிலும் தெளித்தால் போதும். அதிகம் போட்டால் இலை கருகும், இந்தச் சத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு, அதனால் கண்ணளவில் அள்ளிப் போடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் ஐப்பசியில் வெடிக்கிறதே என்றால், மேலே சொன்ன மாதக் கணக்குக்கு வாருங்கள். ஒரு வாரம் வெயில், ஒரு ராத்திரியில் கொட்டும் மழை என்று இருக்கும் மாதத்தில் முற்றின காயை எந்த மூடாக்கும் முழுசாகக் காப்பாற்றாது. சித்திரைக் கடைசியிலும் வைகாசியிலும் வரும் பூவைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் அந்தப் பூ ஐப்பசி கார்த்திகையில் முற்றும் பூ. தை மாசிப் பூவை வைத்துக்கொண்டால் ஆனி ஆடியில் பறித்துவிடலாம், அப்போது நமக்கு மழை கம்மி, காற்று மட்டும்தான். ஏற்கனவே காய் பிடித்துவிட்டது, மழையும் வரப்போகிறது என்றால் முக்கால் பழுத்ததையெல்லாம் முன்கூட்டியே பறித்துவிடுவது மேல். கொஞ்சம் புளிப்பாக இருக்கும், ஜூஸ் போடலாம்.

காயில் ஓட்டை, ஓட்டை வாயில் எச்சம், பக்கத்தில் போனால் நாற்றம்

இது பழத் துளைப்பான். சின்னதாக, பறக்கும்போது நீலமாகவும் பழுப்பாகவும் தெரியும் ஒரு பட்டாம்பூச்சி, பூவிலும் பிஞ்சின் மகுடத்திலும் (காயின் நுனியில் கிரீடம் மாதிரி இருக்கும் பகுதி) ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். புழு பொரித்து உள்ளே போய் முத்தைத் தின்னும், அந்த ஓட்டை வழியாகப் பூஞ்சாணமும் பாக்டீரியாவும் போய் அழுகி நாறும். கொய்யா, சப்போட்டா, புளி இதிலெல்லாமும் இது வரும் என்பதால் பக்கத்துத் தோட்டத்தில் கொய்யா இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

ஓட்டை தெரிந்த பிறகு மருந்து அடிப்பதில் பலனே இல்லை, புழு உள்ளே இருக்கிறது. ஓட்டைக் காயைப் பறித்து, கீழே விழுந்ததையும் பொறுக்கி, வாளித் தண்ணீரில் ஒரு நாள் முக்கி வைத்துப் பிறகு ஆழமாகப் புதையுங்கள். குப்பைமேட்டில் எறிந்தால் அங்கேயே கூட்டுப்புழுவாகிப் பட்டாம்பூச்சியாகத் திரும்பி வரும்.

வீட்டு மரத்துக்கு மிகச் சிறந்த வழி பை கட்டுவது. தோட்டக்காரர்களுக்கு ஆயிரக்கணக்கில் காய் இருக்கும், நமக்கு முப்பது நாற்பது காய்தானே. பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும், மகுடத்துக்குள் காய்ந்து கிடக்கும் மகரந்த இழைகளைச் சுத்தமாகக் கிள்ளி எடுத்துவிட்டு, ஓட்டை இல்லை என்று பார்த்துவிட்டுப் பை போட்டுக் காம்பில் தளர்வாகக் கட்டுங்கள். பட்டர் பேப்பர் பை கடையில் கிடைக்கும். திருப்பூர்க்காரர்களுக்கு இன்னும் சுலபம், வெள்ளைப் பனியன் வேஸ்ட்டில் குழாய் மாதிரி வெட்டி மேலும் கீழும் கட்டிவிடலாம், காற்றும் போகும், காய் பெருத்தால் துணியும் இழுத்துக்கொடுக்கும். மழை மாதத்தில் மட்டும் பனியன் துணி நனைந்து காயோடு ஒட்டிக்கிடக்கும், அப்போது காகிதமே நல்லது. பிளாஸ்டிக் கவர் போடுவதென்றால் அடியில் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் உள்ளே வேர்த்து அழுகும்.

பை கட்டும் அளவுக்குக் காய் வரும் முன்னால், பூ விடும் காலத்தில் 15 நாளுக்கு ஒரு தடவை வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தால் முட்டை வைக்க வருவது குறையும். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து அன்றைக்கே அடித்துவிட வேண்டும்.

காயில் கறுப்புப் புள்ளி

இதில் இரண்டு விதம் இருக்கிறது, குழப்பிக்கொள்ளக் கூடாது. சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி, தோலோடு நிற்கிறது, தொட்டால் உலர்ந்திருக்கிறது என்றால் பூஞ்சாணப் புள்ளி. பார்க்க அசிங்கமாக இருக்கும், உள்ளே பழம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உள்கிளைகளை எடுத்துக் காற்றோட்டம் விட்டாலே பாதி குறையும்.

புள்ளி எண்ணெய் தொட்டு வைத்த மாதிரி ஈரமாக இருந்து, அப்புறம் கறுத்து, நடுவில் கோணல் மாணலாக வெடிக்கிறது, இலையிலும் அதே எண்ணெய்ப் புள்ளி, கணுவில் கறுத்துக் கிளை முறிகிறது என்றால் அது பாக்டீரியா கருகல். இந்தியாவில் மாதுளைக்கு வரும் நோயில் மிக மோசமானதில் இது ஒன்று, மகாராஷ்டிராவில் ஏக்கர் கணக்கில் தோட்டத்தை அழித்திருக்கிறது. மழைத் தெறிப்பிலும் கத்தரியிலும் நோயுள்ள கன்றிலும் பரவும். புள்ளி கண்ட காய், இலை, குச்சியை வெயில் நாளில் வெட்டி எரித்துவிடுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை டெட்டால் தண்ணீரில் முக்குங்கள், பிறகு ஒரு சதவீத போர்டோக் கலவை தெளியுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுட்ட சுண்ணாம்பு 10 கிராமை இன்னொரு அரை லிட்டரில் கரைத்து ஆற வைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள், செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும், பறிக்கப்போகும் காய் மேல் வேண்டாம். புரட்டாசியில் மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை விட்ட பிறகு ஒரு தடவை. சிலர் ஆன்டிபயாட்டிக் பொடி தேடுகிறார்கள், வீட்டில் தின்கிற பழத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகக் கெட்டிப்பட்டிருக்கிறது

மேற்கு வெயில் நேராக விழும் பக்கமா? வெயில் சூடு பட்டது, நோய் கிடையாது. பை கட்டினால் தீரும், அந்தப் பக்கத்து இலைகளை இனிமேல் கழிக்காதீர்கள். தோல் முழுக்கச் சொறி மாதிரிச் சாம்பல் நிறத்தில் உராய்ந்திருந்தால் பிஞ்சிலேயே இலைப்பேன் சுரண்டியது, அல்லது ஆடிக் காற்றில் முள் கீறியது. பழம் தின்ன நன்றாகத்தான் இருக்கும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி. மார்கழி தையில் அடியிலைகள் மஞ்சளாகி விழுவது சாதாரணம். பழைய இலை முழுசாக வெளுத்து, வளர்ச்சியும் நின்றிருந்தால் தழைச்சத்துக் குறைவு, எரு போடுங்கள். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை. சுக்கான் மண்ணும் போர்த் தண்ணீரும் சேர்ந்த இடங்களில் இது சர்வசாதாரணம், மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்துவிடும். அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அதோடு பாதி எலுமிச்சம் பழம் பிழிந்து, சாயங்காலமாக இலையில் தெளியுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை. அதற்கு மேல் நிரந்தரமாகச் சரியாக வேண்டுமென்றால் எருதான், வருஷா வருஷம் எருதான்.

இலை நுனியும் ஓரமும் தீய்ந்தால் உப்பு. நம் வீடுகளில் நல்ல தண்ணீருக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாய் என்று இருக்கும், செடிக்கு உப்புக் குழாய்தான். மாதுளை ஓரளவு உப்பைத் தாங்கும். ஆனால் அதன் மேல் ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரையும் பாத்திரம் கழுவின சோப்புத் தண்ணீரையும் ஊற்றினால் தாங்காது. ஐப்பசியில் மொட்டை மாடித் தண்ணீரைப் பாத்தியில் விட்டு மண்ணை நன்றாக அலசவிடுங்கள், தேங்கி நிற்காமல் வடிய மட்டும் வழி இருக்கட்டும். எல்லாம் செய்தும் தெளியவில்லை என்றால் கோவை லாலி ரோட்டில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்கக் கொடுங்கள். டானிக் பாட்டிலுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம்.

கொழுந்து சுருளுகிறது, வெள்ளைப் பஞ்சு, எறும்பு வரிசை

எறும்பைப் பின்தொடருங்கள், அது போய் நிற்கும் இடத்தில் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும். அவை கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கிறது, அதனால் முதலில் எறும்பின் வழியை அடைத்துவிடுங்கள். தண்டில் ஒரு துணிப் பட்டை சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவினால் போதும். அசுவினிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடித்தாலே பாதி போய்விடும். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் கொஞ்சம், ஒரு லிட்டர் தண்ணீர், வாரம் ஒரு தடவை.

கடுமையான மருந்துக்குப் போகாதீர்கள் என்று இங்கே அழுத்திச் சொல்கிறேன், அதற்குக் காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது கோவையில்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று காடு காடாக வெள்ளை பூத்துப் போனது, எந்த மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் அசிரோபேகஸ் பப்பாயே என்ற, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்துக் கொன்றது, சில மாதத்தில் கட்டுக்குள் வந்தது. உங்கள் மரத்திலும் அந்த மாதிரிக் குளவியும் பொறிவண்டும் வேலை செய்துகொண்டிருக்கும். மருந்து அடித்தால் முதலில் சாவது அவைதான்.

அணில், கிளி, மயில்

பைதான் இதற்கும் பதில், ஆனால் அணில் துணியையும் கிழிக்கும். கொசுவலைக் கம்பியில் கிண்ணம் மாதிரிச் செய்து மாட்டலாம். மயில் இப்போது எல்லா ஊரிலும் பெருகிவிட்டது, கீழ்க் கிளைக் காயைக் கொத்திவிடும். தரையிலிருந்து மூன்றடி வரைக் கிளை இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். மரம் முழுக்க வலை போட்டால் பறவை சிக்கிச் செத்துப்போகிறது, அதைச் செய்யாதீர்கள்.

வெளியே நல்ல பழம், உள்ளே வெளுப்பு அல்லது பழுப்பு

வெளுப்பு என்றால் ரகத்தை முதலில் பாருங்கள். கணேஷ் ரகத்தின் முத்து இளஞ்சிவப்புதான், விதை மென்மையாக இருக்கும். பகவாதான் ரத்தச் சிவப்பு. பகவாவே வெளுத்திருந்தால் அது கடும் வெயிலில் முற்றிய பழம், சூட்டில் சிவப்பு நிறம் சரியாக ஏறாது. புரட்டாசியில் பூத்துத் தப்பிப் பிழைத்து மாசியில் பழுக்கும் பழம் நல்ல நிறத்தில் இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் பூத்துச் சித்திரை வைகாசியில் பழுப்பது வெளிறியிருக்கும். பழுப்பாகி ஒரு மாதிரி வாடை அடித்தால் மரத்திலேயே அதிக நாள் விட்டுவிட்டீர்கள். புளிப்பு என்றால் நேர்மாறு, சீக்கிரம் பறித்துவிட்டீர்கள். மாம்பழம் மாதிரி மாதுளையைப் பறித்து வைத்துப் பழுக்க வைக்க முடியாது.

அதனால் நேரம் தெரிந்து பறிக்க வேண்டும். பூ காயான வாரத்தில் கிளையில் ஒரு கயிறு கட்டித் தேதி எழுதிவிடுங்கள். கணேஷுக்கு ஐந்து மாதம் தாண்டியதும், பகவாவுக்கு ஆறு மாதத்தை நெருங்கும்போதும் சோதியுங்கள். உருண்டையாக இருந்த காயின் பக்கங்கள் லேசாகத் தட்டையாகி விளிம்பு தெரியும், மகுடத்தின் நுனி உள்பக்கம் மடங்கும், விரலால் சுண்டினால் கணீரென்று உலோகச் சத்தம் வரும். காம்பை ஒட்டிக் கத்தரியால் வெட்டுங்கள், இழுத்துப் பிய்க்க வேண்டாம்.

ஒரு கிளை திடீரென்று வாடுகிறது, அப்புறம் அடுத்த கிளை

இதைத்தான் தள்ளிப்போடக் கூடாது. முதலில் அடித்தண்டைப் பாருங்கள். குண்டூசி குத்தின மாதிரி ஓட்டைகளும் மாவு மாதிரித் தூளும் இருந்தால் தண்டுத் துளைப்பான். ஆரம்பமென்றால் காய்ந்த கிளையை வெட்டி எரித்துவிட்டு, மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் பசையாகச் செய்து தரையிலிருந்து இரண்டடி வரை பூசிவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

ஓட்டை இல்லையென்றால் வாடின கிளையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே மரம் வெளுப்பாக இருக்க வேண்டியது சாம்பலும் பழுப்பும் கலந்து கறை பிடித்திருந்தால் வாடல் நோய். தண்ணீர் தேங்கும் கனத்த மண்ணில் இது அதிகம். பக்கத்தில் கொஞ்சம் தோண்டி வேரையும் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழுவும் சேர்ந்திருக்கிறது. வாடல் பாதி மரத்துக்குப் பரவிய பிறகு காப்பாற்ற முடிந்ததை நான் பார்த்ததில்லை. வேரோடு எடுத்து அங்கேயே எரித்துவிடுங்கள், அந்தக் குழிக்குப் போன தண்ணீர் அடுத்த மரத்துக்குப் போகாதபடி வாய்க்காலை மாற்றுங்கள், குழியை ஒரு கோடை முழுக்கத் திறந்துபோட்டு வெயில் காட்டுங்கள். அதே குழியில் மறுபடி மாதுளை வேண்டாம், அங்கே ஒரு வருஷம் செண்டுமல்லி போடுங்கள், நூற்புழு குறையும்.

புதுக் கன்றுக்கு வேறு இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழக் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய எருவும் அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கும் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) 50 கிராமும் கலந்து நிரப்பி, சுற்றுத் தரையைவிட அரையடி மேடாக வைத்து நடுங்கள். கன்று வாங்கும்போது இலையைத் திருப்பி எண்ணெய்ப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கன்று ஆடிக் காற்றில் ஆடி வேர் அறுபடாமல் இருக்க ஒரு குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள், முதல் இரண்டு வருஷம் வரும் பூவைக் கிள்ளிவிடுங்கள்.